பெர்லினில் நட்பு பிடிக்க வாரத்தில் ஒரு கிழமை

படிக்கவோ வேலைக்கோ பெர்லினில் வந்திறங்கும் நம்மவர்கள் பலரும் சில மாதங்களில் ஒரே புலம்பலுக்கு வந்து சேர்கிறார்கள்: "எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்க, ஆனா யாரும் ஒட்ட மாட்டேங்கிறாங்க." அதில் உண்மை உண்டு. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச்சுக் கொடுத்துச் சிநேகிதம் பிடிக்கிற ஊர் இது கிடையாது. ஆனால் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடம் என்று நாலைந்து வாரம் விடாமல் போய்ப் பாருங்கள். முதல் வாரம் தலையசைத்தவரே பிறகு வலிய வந்து பெயர் கேட்பார். ஊர் சுற்றுவதையும் இந்தக் கணக்கிலேயே வைத்துக்கொண்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

முதலில் காகித வேலை

குடிபுகுந்த 14 நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து நூலக அட்டைவரை பலதுக்கும் அந்தப் பதிவுச் சான்று தேவைப்படும். பதிவுக்கு நேரம் கிடைப்பதுதான் பெரும்பாடு. உங்கள் வட்டாரத்தில்தான் பதிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நகரின் எந்த பியூர்கர்ஆம்ட் அலுவலகத்திலும் பதியலாம். கோப்பனிக்கிலோ ஸ்பாண்டாவிலோ நேரம் கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னதில் ஆற்றங்கரைப் பழைய நகரம், பின்னதில் கோட்டை. வேலை முடிந்ததும் ஒரு நடை போய்விட்டுத் திரும்பலாம்.

அடுத்தது டாய்ச்லாண்ட் டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. நாடு முழுக்க உள்ளூர் ரயில், டிராம், பேருந்து எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ போன்ற தொலைதூர விரைவு ரயில்களில் செல்லாது. இது மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கும் சந்தா. அடுத்த மாதம் வேண்டாமென்றால் இந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். இந்தச் சந்தா எடுக்கும்வரை காகிதச் சீட்டில் போகிறவர்கள் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்திவிட்டு ஏறுங்கள். சீட்டு வாங்கியும் முத்திரை இல்லாமல் மாட்டினால் 60 யூரோ அபராதம். "ஊருக்குப் புதுசு" என்ற சமாதானம் பரிசோதகரிடம் எடுபடாது.

ஊரின் வடிவம் தெரிய

ஒரு மாலை எஸ் 41 ரயிலில் ஏறி முழுச் சுற்று வாருங்கள். நகரின் நடுப்பகுதியை வளைத்து ஓடும் வட்டப் பாதை, 37 கிலோமீட்டர், 27 நிலையம், ஒரு மணி நேரம். எஸ் 41 கோயில் பிரதட்சிணம் போல வலமாகச் சுற்றும், எஸ் 42 எதிர்த்திசை. பிறகு ஒரு பகலில் 100ஆம் எண் மாடிப் பேருந்து. உயிரியல் பூங்காவில் புறப்பட்டு நாடாளுமன்றம், உன்டர் டென் லிண்டன் வழியாக அலெக்சாண்டர்பிளாட்ஸ் போகும். பெர்லின் சுவர் விழுந்தபின் 1990இல் மேற்கையும் கிழக்கையும் இணைத்த முதல் பேருந்துத் தடம் அது. மேல்தட்டில் முன்வரிசை பிடித்தால் சுற்றுலாப் பேருந்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

அதன்பின் வாரம் ஒரு வட்ட ரயில் நிலையத்தில் இறங்கி அந்தப் பேட்டையை மட்டும் நடந்து பாருங்கள். ஒரே நாளில் பத்து இடம் பார்த்துப் படம் எடுப்பவருக்கு ஊர் பிடிபடாது என்பது என் கட்சி.

கிழமையைக் குறியுங்கள்

செவ்வாய், வெள்ளிகளில் மைபாக்ஊஃபர் கால்வாயோரம் துருக்கிச் சந்தை கூடும். வெண்டைக்காய், பச்சை மிளகாய், கட்டுக் கட்டாகக் கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். கடை கட்டும் நேரத்தில் விலை இறங்கும். ஒரே கடையில் தொடர்ந்து வாங்குங்கள்.

டெம்பல்ஹோஃப் பழைய விமான நிலையத்தை எவ்வளவு சொன்னாலும் தகும். 2008இல் மூடி, 2010இல் மக்களுக்குத் திறந்துவிட்ட 300 ஹெக்டேருக்கு மேற்பட்ட வெட்டவெளி. வீடு கட்ட வேண்டாம் என்று 2014இல் வாக்கெடுப்பில் ஊர்மக்களே தடுத்துவிட்டார்கள். ஓடுபாதையில் சைக்கிளும் பட்டமும் பறக்கும். நொய்கொல்ன் பக்க வாயிலில் நுழைந்தால் ஒரு கூட்டுத் தோட்டம். பழைய பலகை, கழித்த கட்டில், ஓட்டை நாற்காலி இவற்றில் மண் நிரப்பித் தக்காளியும் புதினாவும் சூரியகாந்தியும் வளர்த்திருப்பார்கள். யாராவது தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றால் "இது என்ன செடி?" என்று கேளுங்கள். முன்பின் தெரியாதவரிடமும் தடையில்லாமல் பேசும் பெர்லின்காரர் செடிக்காரர்தான். கோடை விடுமுறையில் அவர் ஊருக்குப் போகும்போது தண்ணீர் ஊற்ற ஆள் தேடுவார். "நான் ஊற்றுறேன்" என்று சொல்லி வையுங்கள், திரும்பி வந்ததும் பேச விஷயம் இருக்கும்.

விளையாட்டு, பாட்டு, சதுரங்கம் எதுவானாலும் சங்கம் உண்டு, 'ஃபெரைன்' என்பார்கள். ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம் என்பதால் எதற்கும் ஒன்று இருக்கும். பலவற்றில் முதல் ஓரிரு முறை இலவசமாக ஆடிப் பார்க்கலாம், 'ப்ரோபெட்ரைனிங்' என்று கேளுங்கள். சேருமுன் விலகும் விதியைப் படியுங்கள். எத்தனை மாதம் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கும். சேர்ந்தபின், துப்புரவு நாளோ வேலிக்குச் சாயம் பூசும் நாளோ வந்தால் தவறாமல் போங்கள். மைதானத்தில் ஒரு பருவம் முழுக்கப் பேசாதவரும் சாயத் தூரிகை கையில் இருந்தால் பேசுவார்.

நகரின் 12 வட்டாரங்களிலும் ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூல எனும் மக்கள் கல்விக்கூடம் இருக்கிறது. மொழி வகுப்பில் கிடைக்கும் நட்பு நல்ல நட்புதான், ஆனால் அங்கே எல்லாரும் உங்களைப் போலப் புதியவர்கள். பாதிப்பேர் அடுத்த ஆண்டு வேறு ஊரில் இருப்பார்கள். ஜெர்மன் தட்டுத்தடுமாறி வந்ததுமே மண்பாண்ட வகுப்புக்கோ தையல் வகுப்புக்கோ மாறிவிடுங்கள்.

நம்மவர்கள்

பிளாஷ்கோஅல்லே நிலையத்துக்குப் பக்கத்தில், பிரிட்ஸில், மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. ஈழத்து மக்கள் எழுப்பியது. வாட்ஸ்அப் குழுவில் அரிசி எங்கே மலிவு என்று தெரிந்துகொள்ளலாம். ஊர்க்கதை தெரிய இந்தக் கோயிலுக்கு வாருங்கள். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரீட்ரிக்ஸ்ட்ராஸ நிலையம் வழியாக மேற்கே கடந்தவர்கள் இங்கே பலர். "அண்ணை, நீங்க எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டால் வேறெங்கும் கிடைக்காத நகர வரலாறு கிடைக்கும். அவர்களுக்கு நேரம் இருந்தால், நீங்களும் இருந்து கேளுங்கள்.

வீட்டுக்கு அழைக்கும்போது

"ஒருநாள் வாங்க" என்பது இங்கே அழைப்பாகாது. தேதி, நேரம் இரண்டையும் ஒன்றிரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள். ஏழு மணி என்றால் ஏழுக்கே வந்துவிடுவார்கள், அதற்குள் குக்கர் இறங்கியிருக்க வேண்டும். பால், முட்டை ஆகுமா என்று முன்னாடியே கேளுங்கள். சாம்பாரும் தேங்காய்ச் சட்னியும் வீகன்காரர்களுக்குச் சௌகரியம், நெய்யை மட்டும் தனியே வையுங்கள். உங்கள் பிறந்தநாளுக்கு அலுவலகத்தில் கேக் கொண்டுபோக வேண்டியது நீங்கள்தான். மற்றவர் பிறந்தநாளுக்கு முந்தின நாளே வாழ்த்தாதீர்கள், அபசகுனம் என்பார்கள்.

இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது. கூட்டம் பெரிதென்றால் மூன்று நாள் முன்பே மாடிப்படி அருகே ஒரு தாள் ஒட்டுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிவரை, சத்தம் அதிகமானால் அழைக்க எந்த எண். கடைசி வரியில் "நீங்களும் வாருங்கள்" என்று எழுத மறக்காதீர்கள். கட்டடம் முழுக்கத் திரண்டுவிடாது. மூன்றாம் மாடிக்காரர் ஒரு பாட்டிலோடு வந்து கதவைத் தட்ட நல்ல வாய்ப்பு உண்டு.