குழாயின் உள்சுவர்

பழைய குழாயை மாற்ற வந்த பிளம்பர், அறுத்த துண்டை என் கையில் கொடுத்தார். வெளிப்புறம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. உள்ளே சுண்டுவிரலை விட்டேன். வெண்டைக்காய் நறுக்கிய கத்தியைத் தொட்டதுபோல் ஒரு வழவழப்பு. விரல் நுனியில் மங்கிய பழுப்பு. "இந்தத் தண்ணியையா இத்தனை நாள் பிள்ளைங்களுக்குக் கொடுத்தோம்?" என்று வீட்டில் ஒரே பதற்றம்.

நம்பிக்கை: குழாய்க்குள் வழவழப்பு இருந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது.

காலையில் பல் துலக்கும் முன் நாக்கால் பல்லைத் தடவிப் பாருங்கள். அங்கே படிந்திருப்பதும் இதே இனம்தான்: நுண்ணுயிர்ப் படலம். பாக்டீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டி, தாமே சுரக்கும் பசைக்குள் குடியிருக்கின்றன. இரும்போ செம்போ பிவிசியோ, தண்ணீர் ஓடும் குழாயில் இது படிந்தே தீரும். குழாயிலுள்ள பாக்டீரியாக்களில் பெரும்பகுதி சுவரில்தான் வாழ்கிறது. நீரில் மிதப்பது கொஞ்சமே. அவற்றிலும் பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்யாதவை.

படலம் இருந்தாலும் தண்ணீர் நன்றாக இருக்கலாம். நெதர்லாந்தில் குழாய்நீரில் கிருமி கொல்லும் குளோரினை மிச்சம் வைப்பதே இல்லை. பாக்டீரியாவுக்கு இரையாகும் கரிமப் பொருளைச் சுத்திகரிக்கும்போதே வெகுவாகக் குறைத்துவிடுகிறார்கள்; கசிவையும் அழுத்தத்தையும் கண்ணும் கருத்துமாகக் கவனிக்கிறார்கள். அங்கும் படலம் உண்டு. இரையில்லாமல் மெலிந்து கிடக்கிறது.

நம்பிக்கை: ஒரு கை பிளீச்சிங் பவுடர் போட்டால் எல்லாம் செத்துவிடும்.

மிதக்கும் பாக்டீரியாவை அந்தப் பவுடரின் குளோரின் சீக்கிரம் கொல்லும். படலத்தின் உள்ளே இருப்பவற்றை எட்டுவதற்குள், பசையோடு வினைபுரிந்தே அது தீர்ந்துபோகிறது. துருவும் அதைத் தின்னும். அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரில் 2014இல் நடந்தது இதுதான். அரிப்புத் தடுப்பு மருந்து சேர்க்காமல் ஆற்றுநீரைக் குழாய்களில் விட்டார்கள். இரும்புக் குழாய்கள் அரிக்கப்பட்டன, குளோரின் அளவு சரிந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் லெஜியோனெல்லா நிமோனியா பரவி 12 பேர் இறந்தனர். குளோரின் குறைந்ததோடு இதை ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். படலத்திலும், அங்கே மேயும் அமீபாக்களின் உடலுக்குள்ளும் பெருகும் கிருமி லெஜியோனெல்லா. வெதுவெதுப்பான நீர் அதற்குப் பிடிக்கும். பெரும்பாலும் ஷவர் போன்றவற்றின் நுண்துளிகளைச் சுவாசிக்கும்போதுதான் தொற்றும்.

அதற்காகக் குளோரின் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். குழாய்முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிர்ணயம் (ஐஎஸ் 10500). வழியில் புதிதாகப் புகும் கிருமிக்கு அதுதான் காவல். நம் ஊர்களில் புகுவதற்கான வழியும் அதிகம். தண்ணீர் நின்றதும் குழாயில் அழுத்தம் விழுகிறது. விரிசல் வழியே சாக்கடை ஈரம் உள்ளே இழுபடுகிறது. மறுபடி திறந்துவிடும்போது பாய்ந்து வரும் நீர் படலத்தையும் துருவையும் பெயர்த்துக்கொண்டு வருகிறது. கர்நாடகத்தின் ஹூப்ளி–தார்வாட் நகரங்களில் விட்டுவிட்டு வரும் நீரை ஆராய்ந்தவர்கள், முதலில் வருவதில் கலங்கலும் கிருமிகளும் கூடுதல் என்று கண்டார்கள். முதல் குடத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு அடுத்த குடத்தைச் சமையலுக்கு வைக்கும் பெண்கள் சரியாகத்தான் செய்கிறார்கள்.

மேல்தொட்டி கழுவும்போதும், படலம் குளோரினைத் தீர்த்துவிடும் அதே கதைதான். பவுடரைக் கரைத்து ஊற்றினால் மட்டும் போதாது. முதலில் பிரஷ் போட்டுச் சுவரைத் தேய்த்துப் படலத்தைப் பெயர்க்க வேண்டும். பிறகு போடும் குளோரினுக்குத்தான் வேலை செய்ய வழி கிடைக்கும்.

நம்பிக்கை: ஆர்ஓ மெஷின் இருக்கிறது, கவலையில்லை.

மெஷினுக்குள் இருக்கும் கார்பன் ஃபில்டர் முதல் வேலையாகக் குளோரினை எடுத்துவிடுகிறது. சவ்வைத் தாண்டிச் சேமிப்புத் தொட்டிக்கு வரும் நீருக்குக் காவல் இல்லை. அந்தத் தொட்டியிலும் அதன் குழாய்முனையிலும் படலம் நிம்மதியாக வளரும். ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுங்கள், குழாய்முனையைத் தேய்த்துக் கழுவுங்கள். நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால், தேங்கியதை முழுக்க வெளியே விட்டுவிட்டுப் புதிதாகப் பிடித்துக் குடியுங்கள்.