மதுவும் வாகனமும்: பின்னால் அமர்பவருக்கும் சட்டம் உண்டு

டோல்கேட்டில் சாலையைக் கடப்பது எவ்வளவு கடினம் என்பதை நம் மாணவியருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பேருந்துகள், கடலோரமாக எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகம் நோக்கிச் செல்லும் கன்டெய்னர் லாரிகள், கிடைத்த சந்தில் எல்லாம் புகுந்து வரும் இருசக்கர வண்டிகள்! இந்த நெரிசலில் மது அருந்திய ஒருவர் வண்டி ஓட்டினால் சட்டம் அவரை என்ன செய்யும்?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு இக்குற்றத்தைப் பற்றியது. இரத்தத்தில் மது எவ்வளவு சிறிய அளவில் இருந்தாலும் குற்றம் என்றே அச்சட்டம் முதலில் கூறியது. 1994-இல் அதைத் திருத்தி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராம் என்று எல்லை வகுத்தனர். இங்கிலாந்தில் இந்த எல்லை 80 மில்லி கிராம். ஆகவே நம் நாட்டுச் சட்டம் கண்டிப்பானதே.

“கொஞ்சம்தான் குடித்தேன், நிதானமாகத்தான் இருக்கிறேன்” என்று சொல்வோர் பலர். அந்த நிதானத்தைச் சட்டம் கேட்பதில்லை. மூச்சுப் பரிசோதனைக் கருவி காட்டும் எண்ணைத்தான் கேட்கிறது. ஊத மறுத்தாலும் தப்ப முடியாது. தக்க காரணமின்றி மறுத்தால், அந்த மறுப்பே எதிர்த்தரப்புச் சான்றுக்கு வலுச் சேர்ப்பதாகக் கொள்ளப்படலாம் என்கிறது 205-ஆம் பிரிவு.

முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும். மறுமுறையானால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.15,000 அபராதம், அல்லது இரண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன் முதல் குற்றத்திற்கான அபராதம் ரூ.2,000 வரைதான். இவை தவிர, குறித்த காலத்திற்கு வண்டி ஓட்டத் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் அறிவிக்கவும் கூடும். லாரி ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்திற்கு இதுவே பெரிய தண்டனை என்று நினைக்கிறேன்.

உயிர் போய்விட்டால் வழக்கே வேறு. 2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவில், கார்ட்டர் சாலை நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது ஒரு கார் ஏறியதில் 7 பேர் இறந்தனர். ஓட்டிய இளைஞர் மது அருந்தியிருந்தார். கீழ் நீதிமன்றம் அளித்த தண்டனை 6 மாதம்தான். உயர் நீதிமன்றம் அதை 3 ஆண்டாக உயர்த்தியது. 2012-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வெறும் கவனக்குறைவு அன்று, உயிர் போகக்கூடும் என்று அறிந்தே செய்த செயல் என்பது தீர்ப்பின் சாரம். அந்தக் காரில் அவருடைய நண்பர்களும் இருந்தனர்.

உடன் செல்பவர்களைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. 188-ஆம் பிரிவின்படி, இக்குற்றத்திற்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை உண்டு. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை இப்பிரிவைக் காட்டி, குடித்தவர் ஓட்டும் வண்டியில் உடன் செல்பவர் குடிக்காதவராயினும் ரூ.10,000 அபராதம் என்று அறிவித்தது.

இதை அறிந்தபோது எனக்குக் கோபமே வந்தது. இரவு நேரத்தில் கணவர் “ஏறு” என்றால் மனைவி என்ன செய்வாள்? மகள்தான் என்ன செய்வாள்? குடித்தவரைத் தடுக்க முடியாதவள் உடந்தை ஆவாளா? இந்தக் கேள்விகளுக்கு இன்னும் எனக்கு முழு விடை கிடைக்கவில்லை. ஆயினும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

காசிமேட்டில் ஒரு திருமண வரவேற்பு முடிந்து புறப்படும்போது சித்தப்பாவிடம் வாடை வீசியது. குடித்திருக்கிறீர்கள் என்று நாலு பேர் முன்னால் சொன்னால் சண்டை வரும். ஆகவே சித்தி அதைச் சொல்லவே இல்லை.

“என்னங்க, உங்ககூட உட்கார்ந்தா எனக்கும் பத்தாயிரம் ஃபைனாம். ரெண்டு பேருக்கும் சேர்த்து இருபதாயிரம் வச்சிருக்கீங்களா?” என்றுதான் கேட்டார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்துவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய் ஆனது. வண்டியை மறுநாள் காலையில் போய் எடுத்து வந்தார்.