மஞ்ச விளக்கு எரிஞ்சா என்ன அர்த்தம்?

எங்க மாமா திண்டுக்கல்லில் இருந்து கொடைக்கானல், பழனின்னு வாடகைக்குக் கார் ஓட்டுறவர். பெட்ரோல் வண்டி, இன்னும் தவணை கட்டி முடியல. போன மாசம் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்ச விளக்கு எரிய ஆரம்பிச்சது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கருவியை மாட்டிப் பார்த்துட்டு "ஆக்சிஜன் சென்சார் போச்சு" என்றார்கள். நாலாயிரத்துச் சொச்சம் செலவு. மூணே நாளில் விளக்கு மறுபடி எரிந்தது! ஏன்னு புரிஞ்சுக்கப் போய் நான் கத்துக்கிட்ட வார்த்தைகளைத்தான் இங்கே எழுதுறேன்.

ஓ.பி.டி. என்றால் ஆன்போர்டு டயக்னாஸ்டிக்ஸ். வண்டி தன்னைத் தானே சோதிச்சுப் பார்க்கிற ஏற்பாடு. புகை மாசைக் கட்டுப்படுத்தத்தான் இதைச் சட்டமாக்கினார்கள். அமெரிக்காவில் 1996 முதல் புதுக் கார்களில் ஓ.பி.டி. 2 கட்டாயம். நம்ம நாட்டில் கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் ஓ.பி.டி. 2-ம் வந்தன. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதியோடு பைக், ஸ்கூட்டருக்கும் வந்தாச்சு.

ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிஞ்சு பாருங்க, 16 பின் உள்ள சாக்கெட் இருக்கும். ஸ்கேனரை அதில் மாட்டினால் இன்ஜின் கம்ப்யூட்டர் (ஈ.சி.எம். என்பார்கள்) குறிச்சு வச்ச கோளாறு கோடு தெரியும். மாமா வண்டியில் வந்தது பி 0171. முதல் எழுத்து 'பி' என்றால் இன்ஜின், கியர் பக்கம். (பாடி பக்கக் கோளாறுக்கும் இங்கிலீஷில் வேற ஒரு 'பி' உண்டு. தமிழில் எழுதினா ரெண்டும் ஒண்ணாயிடும், குழம்பிடாதீங்க!) அடுத்து 0, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு. அடுத்த 1, காற்று-எரிபொருள் சமாச்சாரம். அந்த இடத்தில் 3 இருந்தால் பற்றவைப்பு. முழுசாப் படிச்சால் பி 0171 சொல்வது இதுதான்: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.

சென்சார் கெட்டுப்போச்சுன்னு அதில் எங்கேயாவது இருக்கா? இல்லை!

ஆக்சிஜன் சென்சார் சைலன்சர் பைப்பில் உட்கார்ந்து, புகையில் மிச்சம் இருக்கிற ஆக்சிஜனைப் பார்க்கும். மிச்சம் கூடினால் ஈ.சி.எம். பெட்ரோலைக் கூட்டும். இப்படிக் கூட்டிக் குறைக்கும் அளவுக்குப் பேர் ஃப்யூயல் ட்ரிம். கூட்டிக் கூட்டி எல்லை தாண்டினால்தான் கோடு விழும். அதாவது உண்மையைச் சொன்ன சென்சாரைத்தான் கழட்டிப் போட்டிருக்காங்க.

ரெண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் அண்ணன் கோடோடு நிறுத்தல. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒண்ணு இருக்கு. கோளாறு பதிவான அந்த நொடியில் வண்டி வேகம், இன்ஜின் சுற்று, சூடு எல்லாத்தையும் போட்டோ மாதிரி பிடிச்சு வைக்கும். அதில் வேகம் 0, இன்ஜின் சும்மா ஓடிக்கிட்டு இருந்தது. நின்னபடி ஓடும்போதுதான் இன்ஜின் உறிஞ்சும் குழாய்க்குள் வெற்றிடம் அதிகம். எங்கேயாவது ஓட்டை இருந்தால், கணக்கில் வராத காற்று அப்போதான் நிறையப் புகும். ஆக்சிலேட்டரைக் கொடுத்துப் பார்த்தார், ட்ரிம் இறங்கியது. உடனே பானெட்டுக்குள் தேடினார். ஒரு சின்ன ரப்பர் ஹோஸை எலி கடிச்சிருந்தது! வேடசந்தூர் பக்கம் எங்க ஊரில் மாமா வண்டியை நிறுத்துவது மக்காச்சோள மூட்டை அடுக்கிய கொட்டகையில். எலி வராமல் என்ன செய்யும்?

அப்போ நடுவில் மூணு நாள் விளக்கு ஏன் எரியல? சென்சாரை மாத்தினவங்க கோடையும் அழிச்சிருந்தாங்க. அழிச்சால் விளக்கு அணையும், கோளாறு போகாது. திரும்ப முதல் தடவை தெரியும்போது அதைப் 'பெண்டிங்' கோடாக மட்டும் வச்சிருக்கும். அடுத்த ஓட்டத்திலும் தெரிஞ்சால்தான் விளக்கைப் போடும். அழிக்கும்போது ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்தே போயிரும். அதனால அழிக்கிறதுக்கு முன்னாடி கோடு நம்பரையும் அந்த விவரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்க. மாமா இப்போ டிரிப் ஷீட் நோட்டிலேயே எழுதி வைக்கிறார்.

இன்னொண்ணு. விளக்கு நிலையா எரிஞ்சால் மெதுவா ஓட்டிப் போய்க் காட்டலாம். விட்டு விட்டு மின்னினால் சிலிண்டரில் பெட்ரோல் சரியா எரியாமல் வெளியே போகுதுன்னு அர்த்தம். அது கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துடும். கொடை ரோடு ஏத்தமா இருந்தாலும் ஓரங்கட்டி நிறுத்திடணும்.

கழட்டின பழைய சென்சாரை மாமாகிட்ட கேட்டு வாங்கி வந்து இயற்பியல் லேபில் கொடுத்திருக்கேன். நல்ல சென்சார்தான். சார்கிட்ட கேட்டுப் பாருங்க.

– பதினொன்றாம் வகுப்பு மாணவன், தொழிற்பிரிவு