பெட்டகத்தில் ஒரு கருங்கல்

எட்டாம் வகுப்பு மாணவர்களுடன் சேர்ந்து பத்து நிமிட அறிவியல் புனைகதை ஒலி நாடகம் ஒன்றைச் செல்பேசியில் பதிவு செய்தோம். அந்த வகுப்பறை அனுபவத்தை ஆசிரிய நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் பள்ளி ஆம்பூருக்கு அருகில் உள்ளது. ஜவ்வாது மலையில், காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1988இல் ராமானுஜன் என்னும் சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது அங்கேதான். அதன் அடியில் வேற்றுலகப் பொருள்களைப் பூட்டி வைத்த பெட்டகம் ஒன்று இருப்பதாக மாணவர்கள் கற்பனை செய்தார்கள்.

ஒலி நாடகத்தில் எதையும் கண்ணால் காட்ட முடியாது. பொருளின் நிறம், எடை, வெப்பம், பரப்பு எல்லாவற்றையும் சொல்லியே உணர்த்த வேண்டும். உற்றுநோக்கிச் சொல்லும் பயிற்சிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பெட்டகக் கதவின் உறுமலுக்கு, ஒரு மாணவியின் அப்பா தாம் வேலை செய்யும் டேனரியில் தோல் சுழலும் டிரம்மின் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினார்.

பெட்டகத்தில் வைக்க ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொன்னேன். அதிகம் பேசாத மாணவன் ஒருவன் கருங்கல் ஒன்றை எடுத்து வந்தான். இடி இடித்த இரவில் வானத்திலிருந்து விழுந்தது என்று அவன் தாத்தா சாமி மாடத்தில் வைத்திருந்த கல் அது.

சோதித்தோம். காந்தம் ஒட்டவில்லை. விண்கற்களின் மேல் இருக்கும் உருகிய கருந்தோலும் இல்லை. சத்துணவுக் கூடத் தராசில் 240 கிராம். நீரில் இறக்கியபோது 90 மில்லிலிட்டர் நீர் ஏறியது. ஏழாம் வகுப்பில் படித்த அடர்த்திக் கணக்குப்படி ஏறத்தாழ 2.7. சாதாரண விண்கற்களுக்கு இது பொதுவாக இன்னும் அதிகமாக இருக்கும். நம் பாறைகளுக்கு 2.7 இயல்பு.

ஆனால் நான் எழுதிய உரையில், கல் ஒளிர்ந்து "நான் வந்துவிட்டேன்" என்று பேசுவதாக முடித்திருந்தேன். ஒத்திகையில் அந்த மாணவன் எழுந்து, "சார், அப்ப நாம டெஸ்ட் பண்ணது எதுக்கு?" என்றான்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 2016 பிப்ரவரி 6 அன்று நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் நடந்த வெடிப்பில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விண்கல்தான் காரணம் என்று அறிவிக்கப்பட்டது. வெளியான படங்களைப் பார்த்த நாசா அறிவியலாளர்களோ அது தரையில் நிகழ்ந்த வெடிப்பைப் போலவே இருக்கிறது என்றார்கள். எங்கள் பக்கத்தில் இன்றும் "கல்லு விழுந்து செத்தாரு" என்றுதான் பேசுகிறார்கள். கதை முந்திக்கொண்டால் சான்று பின்தங்கிவிடும். அதே தவற்றை நானும் செய்யப் பார்த்தேன்.

முடிவை அந்த மாணவனையே மாற்றச் சொன்னேன். நாடகத்தில் பெட்டகக் காவலராக அவனே பேசினான்: "இது நம்ம ஊர்க் கல்லு. இங்க பூட்ட வேணாம். தாத்தா கிட்டயே குடுத்துடுங்க."

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு மூன்று குறிப்புகள். முதலில் சோதனை, பிறகு உரை என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்தது மூன்று சோதனைகளை மாணவர்களே தேர்ந்தெடுக்கட்டும். "தெரியவில்லை" என்று சொல்லும் பாத்திரம் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். எங்கள் நாடகத்தில் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அதுதான்.