மெழுகுக் கொடிக்கு நீர் வார்ப்பது எப்படி?

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கலாம். ஆனால் வீட்டுக்குள்ளும் தாழ்வாரத்திலும் நாம் வளர்க்கும் தொட்டிச் செடிகளில் பல, தண்ணீர் இல்லாமல் மடிவதில்லை. தண்ணீர் மிகுந்தே மடிகின்றன. "பாவம், வாடுகிறதே!" என்று இரங்கி ஊற்றும் கையே அதன் வேரை அழுக வைத்துவிடுகிறது. இந்த உண்மையை நமக்கு நன்றாக விளக்கிக் காட்டும் செடி மெழுகுக் கொடியாகும்.

தடித்துப் பளபளக்கும் இலைகளும், கொத்தாக மலரும் சின்னஞ்சிறு நட்சத்திரப் பூக்களும் மெழுகில் வார்த்தெடுத்தவை போலத் தோன்றுவதால் இதற்கு இப்பெயர் வந்தது. இதன் அறிவியற் பெயர் ஹோயா கார்னோசா. தென் சீனா, தைவான், ஜப்பானின் தென்பகுதித் தீவுகள் ஆகியவை இதன் தாயகத்தைச் சேர்ந்தவை. ஹோயா என்னும் பெயரிலே ஓர் இனிய செய்தி உண்டு. லண்டனிலுள்ள சையன் மாளிகையில் தோட்டக்காரராகப் பணிபுரிந்தவர் தாமஸ் ஹாய். அவரைச் சிறப்பிக்கும் பொருட்டு, ராபர்ட் பிரவுன் என்னும் தாவரவியல் அறிஞர் 1810-ல் இப்பெயரைச் சூட்டினார். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இதன் உறவினங்கள் வளர்கின்றன. அவற்றுள் ஒன்றான ஹோயா வைட்டியை, சென்னை மாகாணத்தில் பணியாற்றித் தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்த டாக்டர் ராபர்ட் வைட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தண்டைக் கிள்ளினால் பால் வடிவதைக் கொண்டே, இது எருக்குக்கும் அரளிக்கும் உறவு என்று நாம் ஊகிக்கலாம். அந்தப் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இக்கொடிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை அறிய, அது காட்டில் எப்படி வாழ்கிறது என்று முதலில் பார்ப்போம். மெழுகுக் கொடி பெரும்பாலும் மரங்களின் மீது பற்றிப் படரும் தொற்றுத் தாவரம். மரத்தின் உணவை அது உறிஞ்சுவதில்லை. ஏறி நிற்க இடம் மட்டுமே கேட்கிறது. அதன் வேர்கள் மரப்பட்டையின் இடுக்கிலும், அங்கே சேர்ந்த இலைமக்கிலும் ஓடுகின்றன. மழை பெய்யும்போது வேர்கள் நன்றாக நனைகின்றன. மழை நின்றதும் நீர் வழிந்துவிடுகிறது. காற்று வீசி வேரை உலர்த்துகிறது. நனைவதும் உலர்வதும் மாறி மாறி வருவதே அதற்குப் பழகிய வாழ்க்கை.

உலர்ந்த நாட்களைச் சமாளிக்க அது இரண்டு வழிகளைக் கைக்கொள்கிறது. ஒன்று, தடித்த இலைகளில் நீரைச் சேமித்து வைக்கிறது. மற்றொன்று, வெயில் வேளையில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவிலே திறந்து கரியமில வாயுவை உள்ளே எடுக்கிறது. இதனால் ஆவியாகி வீணாகும் நீர் மிகவும் குறைகிறது. இவ்வளவு சிக்கனமாக வாழும் செடிக்கு நாள்தோறும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் அது எங்கே போகும்? தொட்டியின் அடியிலேதான் தேங்கும்.

தேங்கினால் என்ன கேடு? வேரும் நம்மைப் போல மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையேயுள்ள காற்றிலிருந்து பிராணவாயுவைப் பெறுகிறது. அந்த இடைவெளிகளில் நீர் நிறைந்துவிட்டால் காற்றுக்கு இடமில்லை. நீரினூடே பிராணவாயு பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் சுமார் 10,000-ல் ஒரு பங்குதான். ஆகவே வேர் மூச்சுத் திணறி நலிகிறது. நலிந்த வேரைப் பூஞ்சணம் பற்றி அழுக வைக்கிறது.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். வேர் அழுகிய செடியால் நீரை உறிஞ்ச முடிவதில்லை. எனவே இலைகள் சுருங்கித் தொய்கின்றன. தண்ணீர் போதாத செடியின் இலைகளும் அப்படியே சுருங்கித் தொய்கின்றன. நோய் இரண்டு, அடையாளம் ஒன்று! இலையை மட்டும் பார்த்து மேலும் தண்ணீர் ஊற்றினால், முதல் செடியின் முடிவை நாமே விரைவுபடுத்துகிறோம். ஆகையால் இலை வாடக் கண்டதும் பூவாளியை எடுக்கலாகாது. மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மண் உலர்ந்து இலை சுருங்கியிருந்தால் அது தாகம். நன்றாக நீர் வார்த்தால் சில நாட்களில் இலை நிமிரும். மண் ஈரமாயிருந்தும் இலை சுருங்கியிருந்தால் வேரிலே கேடு. அப்போது செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டி நீக்கி, புதிய கலவையில் நட வேண்டும். வேர் முழுவதும் கெட்டிருந்தால், இரண்டு மூன்று கணுக்கள் கொண்ட நல்ல தண்டை வெட்டி, பால் காய்ந்தபின் இலேசான ஈரக் கலவையில் ஊன்றினால் புதிய செடி கிடைக்கும்.

இனி, நீர் வார்க்கும் முறையைக் காண்போம்.

முதலாவது, சுட்டுவிரலை இரண்டு கணு ஆழம், அதாவது ஏறக்குறைய 5 செ.மீ., மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். தொட்டியைத் தூக்கிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். உலர்ந்த தொட்டி கனம் குறைந்திருப்பதைக் கை விரைவில் கற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, உலர்ந்திருந்தால் அரைகுறையாகத் தெளிக்காமல், அடித் துளை வழியே நீர் வழியும் வரை மெதுவாகச் சுற்றிலும் ஊற்ற வேண்டும். மேலே மட்டும் நனைத்தால் அடி வேர்களுக்கு நீர் எட்டாது.

மூன்றாவது, கால் மணி நேரம் கழித்துத் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிட வேண்டும். துளையில்லாத அலங்காரத் தொட்டி இக்கொடிக்கு ஆகாது.

நான்காவது, மண் கலவை காற்றோட்டமாக இருக்க வேண்டும். தேங்காய் நார்த்துண்டு, கரித்துண்டு, உடைந்த செங்கற் சில்லு, மக்கிய இலை உரம் ஆகியவற்றைக் கலந்தால் மரப்பட்டையின் தன்மை ஓரளவு கிடைக்கும். வெறும் களிமண்ணில் நட்டால் இறுகி நீரைப் பிடித்துக்கொள்ளும்.

காலத்தையும் இடத்தையும் பொறுத்து அளவு மாறும். சித்திரை வெயிலில் சில நாட்களிலேயே மண் உலர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் அதே தொட்டி வாரக்கணக்கில் ஈரமாயிருக்கலாம். உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில் மார்கழிக் குளிரின்போது கொடி வளர்ச்சியைக் குறைத்துக்கொள்வதால் நீரையும் குறைக்க வேண்டும். மண் தொட்டி விரைவில் உலரும். பிளாஸ்டிக் தொட்டி தாமதமாக உலரும். ஆதலால் "வாரம் இருமுறை" என்று விதி எழுதி வைப்பது எல்லாச் செடிக்கும் பொருந்தாது.

அரும்பு கட்டியபின் மண்ணை முற்றிலும் காயவிடலாகாது, அரும்புகள் உதிர்ந்துவிடும். பூ உதிர்ந்த காம்பையும் வெட்டக் கூடாது. அடுத்த முறை அதே காம்பில்தான் மீண்டும் பூக்கும். மாலைக்குப் பின் மணம் பரப்பும் அப்பூக்கள் நம் பொறுமைக்குக் கிடைக்கும் பரிசு.

வகுப்பறைச் செடிகளுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. காலையில் ஒருத்தி ஊற்றுவாள். அதை அறியாமல் நண்பகலில் மற்றொருத்தி ஊற்றுவாள். எல்லோருக்கும் அன்பு இருக்கிறது. மண்ணைத் தொட்டுப் பார்க்கத்தான் ஒருவரும் இல்லை. எனவே மாணவியரே, செடிக்கு ஒரே ஒரு பொறுப்பாளரை வைத்துக்கொள்வோம். தொட்டியருகே ஓர் அட்டை தொங்கட்டும். மண்ணைச் சோதித்த நாள், அது ஈரமா உலர்வா, நீர் ஊற்றிய நாள் ஆகியவற்றை அதில் குறித்து வருவோம். ஓராண்டு குறித்தால் நம் ஊர்ப் பருவங்களுக்கும் நம் தாழ்வாரத்துக்கும் ஏற்ற பாடம் நம் கையெழுத்திலேயே கிடைத்துவிடும். கோடை விடுமுறைக்கு வீடு செல்லும்போது, செடியை வெயில் சுடாத வெளிச்சமான இடத்தில் வைத்து, அந்த அட்டையையும் பார்த்துக்கொள்பவரிடம் ஒப்படைப்போம். அதன் தலைப்பில் பெரிய எழுத்தில் இவ்வளவு எழுதினால் போதும்: "முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்."