பொம்மைப் பெட்டியில் லாபம் இருக்கிறதா?

கேள்வி: அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் தட்டுப்பாடான லெகோ (துண்டுகளைப் பொருத்திக் கட்டும் பொம்மை) செட்டுகளை வாங்கிப் பதுக்கி, கூடுதல் விலைக்கு விற்கிறார்களாமே? நிஜமாகவே லாபம் வருமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: வரும், எல்லோருக்கும் அல்ல. பெரும்பாலான செட்டுகளை லெகோ நிறுவனம் சில ஆண்டுகள் விற்றுவிட்டு நிறுத்திவிடும். அதன்பின் சீல் பிரிக்காத பெட்டிக்குத்தான் மவுசு. 2007-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ பட விண்கலமான மில்லேனியம் ஃபால்கன் செட்டின் விலை சுமார் 500 டாலர். தயாரிப்பு நின்றதும் சில ஆயிரம் டாலருக்குக் கைமாறியது.

2017-ல் 7,541 துண்டுகளுடன் புதிய ஃபால்கனை 800 டாலருக்கு நிறுவனமே இறக்கியது. பழைய பெட்டியைப் பூட்டி வைத்திருந்தவர்களுக்கு அடி விழுந்தது. புதியதும் உடனே தீர்ந்துபோக, முந்திக்கொண்டவர்கள் இணையத்தில் விலை ஏற்றி விற்றார்கள். கடைகளுக்கு மறுபடி சரக்கு வந்ததும் அந்த ஆட்டம் அடங்கியது. பண்டிகைத் தட்டுப்பாட்டின் ஆயுள் அவ்வளவுதான்.

ரஷ்யப் பொருளாதார ஆய்வாளர்கள், 1987 முதல் 2015 வரை வந்த 2,000-க்கும் மேற்பட்ட செட்டுகளை அலசி, ஆண்டுக்குச் சராசரி லாபம் 11 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அது சராசரி மட்டுமே. நஷ்டம் தந்தவையும் அதில் உண்டு. விற்பனைத் தளத்தின் கமிஷன், அனுப்பும் செலவு, பெட்டிகளை வைக்க இடம் என்று கழிக்க வேண்டியவையும் நிறைய. பெட்டி நசுங்கினாலே விலை குறையும்.

ஆகவே, பிடித்த செட்டை மட்டும் வாங்குங்கள். விலை ஏறாவிட்டால் பிரித்துக் கட்டி விளையாடலாம்!