கண் ஒட்டுவில்லையும் அதன் பராமரிப்பும்

மூக்குக் கண்ணாடி செய்யும் வேலையைக் கண்ணின் மீதே அமர்ந்து செய்யும் மெல்லிய வில்லைக்குக் கண் ஒட்டுவில்லை என்று பெயர். பேச்சு வழக்கில் இதனைக் காண்டாக்ட் லென்ஸ் என்பர். சித்தூரிலும் திருப்பதியிலும் கல்லூரி மாணவரும் அலுவலகம் செல்வோரும் இதனை அணியக் காண்கிறோம். வாங்குவோர் பலர், பராமரிக்கும் முறையை முழுதும் அறிந்தோர் சிலரே. ஐயம் தோன்றும்போது மாணவர் முதலில் நாடுவது ஆசிரியரை. கிராமத்தார் நாடுவது கள ஊழியரை. ஆதலின் இவ்விருவரும் இரண்டு விதிகளையும் அவற்றின் காரணங்களையும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். வில்லையுடன் உறங்கலாகாது என்பது ஒன்று. வில்லையில் தண்ணீர் படலாகாது என்பது மற்றொன்று.

கருவிழிப்படலத்தின் இயல்பு

கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடி போல வளைந்து, ஒளி ஊடுருவும் தன்மையுடன் விளங்குவது கருவிழிப்படலம். இதன் நடுப்பகுதியின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டரே. ஆயினும், ஒளியைக் குவிக்கும் வேலையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை இதுவே செய்கிறது. இப்படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தடைப்படும். எனவே தனக்கு வேண்டிய பிராணவாயுவின் பெரும்பகுதியைக் கண்ணீரின் வழியாக வெளிக்காற்றிலிருந்தே அது பெறுகிறது. இப்படலத்தில் புண் உண்டாகி ஆறினால் வெண்மையான தழும்பு எஞ்சும். தழும்பு நடுவில் அமைந்தால் பார்வை மறைந்துவிடும்.

வில்லை வளர்ந்த வரலாறு

சூரிச் நகரில் பணிபுரிந்த அடால்ஃப் ஃபிக் என்னும் மருத்துவர் 1888-இல் கண்ணாடியாலான ஒட்டுவில்லையைப் பற்றி எழுதினார். அது விழியின் வெண்பகுதியையும் மூடியது. சில மணி நேரத்துக்கு மேல் அணிய இயலவில்லை. கருவிழிப்படலத்தின் மீது மட்டும் அமரும் பிளாஸ்டிக் வில்லையை அமெரிக்காவில் கெவின் டூயி 1948-இல் உருவாக்கினார். நீரை உறிஞ்சி மென்மையாகும் பொருளைக் கண்டறிந்த செக் நாட்டு வேதியியலறிஞர் ஓட்டோ விச்டர்லே, 1961-ஆம் ஆண்டின் இறுதியில் சிறுவர் விளையாட்டு உதிரிப் பாகங்களையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு தம் வீட்டிலேயே ஒரு பொறி அமைத்து மென்வில்லைகளை வார்த்தெடுத்தார். பிராணவாயுவை மிகுதியாக உட்புகவிடும் சிலிக்கோன் கலந்த மென்வில்லைகள் 1990-களின் இறுதியில் வந்தன.

வில்லை அழகுக்காக மட்டும் அணியப்படுவதன்று. கருவிழிப்படலம் கூம்பு வடிவில் பிதுங்கும் நோயில் மூக்குக் கண்ணாடியால் போதிய பயன் கிட்டாதபோது, கடின வகை ஒட்டுவில்லையே பார்வையைத் தெளிவாக்குகிறது. எனவே வில்லையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதன் முறைகளை அறிந்து அணிதலே வேண்டுவது.

உறக்கமும் வில்லையும்

திறந்த கண்ணுக்குக் காற்றிலுள்ள 21 சதவீதப் பிராணவாயு கிடைக்கிறது. இமை மூடிய நிலையில் அது ஏறத்தாழ 8 சதவீதமாகக் குறைகிறது. இமையின் கீழே வில்லையும் இருப்பின், படலம் மேலும் திணறி வீங்குகிறது. கிருமிகள் உட்புகுதல் எளிதாகிறது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் நடைபெற்று 1989-இல் வெளியான ஆய்வின்படி, பகலில் மட்டும் மென்வில்லை அணிவோருள் ஆண்டுக்குப் பதினாயிரவரில் சுமார் 4 பேருக்கும், இரவும் பகலும் கழற்றாது அணியும் வகையை அணிவோருள் சுமார் 21 பேருக்கும் கருவிழிப் புண் உண்டாயிற்று.

திருமலை யாத்திரையை இங்கு நினைவுகூரலாம். இரவுப் பேருந்தில் வந்து, வரிசைக் கூடத்தில் விடியும்வரை காத்திருந்து, அமர்ந்தவாறே கண்ணயர்பவர் பலர். ஒட்டுவில்லை அணிவோர் யாத்திரைக்கு மூக்குக் கண்ணாடியுடன் வருதலே நன்று.

நீரும் வில்லையும்

அகாந்தமீபா என்னும் ஓரணு உயிரி குளம், ஆறு, கிணறு, மண் ஆகியவற்றிலும் வீட்டுக் குழாய் நீரிலும் வாழ்கிறது. கூடு கட்டிக்கொண்ட நிலையில் அது குளோரினுக்கும் எளிதில் மடிவதில்லை. வில்லையின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, படலத்திலுள்ள நுண்ணிய கீறல் வழியே அது உட்புகும். இந்நோய் அரிதே, ஆயினும் வந்துவிட்டால் வலி கடுமையாயிருக்கும், சிகிச்சை மாதக்கணக்கில் நீடிக்கும். மேலும், உப்புச் சத்தற்ற நீரில் மென்வில்லை உப்பி, படலத்தோடு இறுகிவிடுவதும் உண்டு. ஆதலின் புஷ்கரிணியில் நீராடுமுன்பும், கபில தீர்த்தத்தின் அருவியில் தலை நனைக்குமுன்பும், வீட்டில் குளிக்குமுன்பும் வில்லையைக் கழற்றிவிடுதல் வேண்டும். தீர்த்தத்தின் புனிதத்திற்கு இதனால் யாதொரு குறைவுமில்லை. வீட்டுக் குழாய்க்கும் விதி இதுவே. ஆறவைத்த வெந்நீரும் வடிகட்டிய குடிநீரும் வில்லையைக் கழுவ ஏற்றவையல்ல. உமிழ்நீர் அறவே கூடாது.

அன்றாட முறை

1. கைகளைச் சோப்பினால் கழுவி, தூய துணியால் ஈரமறத் துடைத்த பின்னரே வில்லையைத் தொடுக.

2. எப்போதும் வலக்கண் வில்லையையே முதலில் கையாள்க, இடம் மாறாது.

3. கழற்றியதும் வில்லையை உள்ளங்கையில் வைத்து, அதற்குரிய திரவத்தை விட்டு விரலால் மெல்லத் தேய்த்து அலசுக.

4. சிமிழில் நாள்தோறும் புதிய திரவம் நிரப்புக. பழையதன் மேல் புதியதை ஊற்றுதல் கிருமியைப் பேணுவதற்கு ஒப்பாகும்.

5. காலையில் சிமிழைத் திரவத்தால் அலசி, துடைத்துக் கவிழ்த்து உலரவிடுக. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிமிழை மாற்றுக.

6. குறித்த தவணை முடிந்த வில்லையை எறிந்துவிடுக. பிறர் வில்லையை அணிதலும் பிறருக்குக் கொடுத்தலும் கூடா.

7. கண் மை தீட்டுவோர் வில்லையை முதலில் அணிந்து பின்னர் மை தீட்டுக.

8. பூச்சிமருந்து தெளிக்கும்போது வில்லை அணியற்க.

அபாயக் குறிகள்

கண் சிவத்தல், வலி, வெளிச்சம் பொறுக்காமை, நீர் வடிதல், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே வில்லையைக் கழற்றி, அன்றைக்கே கண் மருத்துவரிடம் செல்லல் வேண்டும். சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா ஓரிரு நாளிலேயே படலத்தை அரித்துவிட வல்லது. கழற்றிய வில்லையையும் சிமிழையும் எறியாமல் உடன் எடுத்துச் செல்க. கிருமியை அறிய அவை உதவும். கடையில் தாமாகச் சொட்டு மருந்து வாங்குதல் ஆபத்தானது. ஸ்டீராய்டு கலந்த மருந்து சிவப்பைத் தற்காலிகமாகக் குறைத்து, உள்ளே நோயை வளர்த்துவிடக்கூடும். பச்சிலைச் சாறும் தாய்ப்பாலும் இடுதல் தகாது.

வில்லை அணியாதார்க்கும் கருவிழிப் புண் உண்டாகும் என்பதைக் கள ஊழியர் மறத்தலாகாது. தென்னிந்தியாவில் வயல் வேலையின்போது பயிரின் தாளோ குச்சியோ பட்டு ஏற்படும் கீறல் இதற்குப் பெருங்காரணம். மதுரையில் 434 நோயாளரை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூவரில் இருவருக்குக் கண்ணில் முன்னர் அடிபட்டிருந்தது. மாந்தோப்பிலும் கரும்பு வயலிலும் உழைக்கும் சித்தூர் விவசாயிக்கும் மேற்சொன்ன எச்சரிக்கை பொருந்தும். திருப்பதியில் ருயா அரசு மருத்துவமனையும், 2019 முதல் அரவிந்த் கண் மருத்துவமனையும் இருப்பதால், நோயாளியைத் தாமதமின்றி அனுப்ப வழியுண்டு.

வகுப்பறைச் சோதனை

உலர்ந்த பஞ்சுத் துண்டொன்றை மஞ்சள் நீரில் நனைத்து, பின் நன்றாகப் பிழிந்து, தூய நீரில் ஒருமுறை அலசுக. மஞ்சள் நிறம் முற்றிலும் நீங்காமையை மாணவர் காண்பர். மென்வில்லையும் தான் கிடந்த திரவத்தைத் தன்னுள் ஏற்கும் பொருளே. எதில் அதனை ஊறவைத்தோமோ, அதனையே கண்ணில் வைக்கிறோம். இவ்வுண்மை மாணவர் உள்ளத்தில் பதிந்துவிட்டால், விதிகளைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் அவர்களுக்கு இராது.